முகமூடிக்குள் ஒரு வரி

வாய் தெரியாத இடம் என்றால் டப்பிங் கம்பெனிக்காரர்களுக்குக் கொள்ளைப் பிரியம். திரையில் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறானா, முகமூடி போட்டிருக்கிறானா, உதட்டசைவுக்கு வசனத்தை வெட்டி ஒட்டும் தொல்லையே இல்லை. மூலப் படத்தில் அவன் வெறுமனே மூச்சுவிட்டிருப்பான். தமிழில் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிடுவான். வெளிமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவதுதான் என் பிழைப்பு. வேங்கிக்கால் வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எத்தனையோ அரக்கர்களைத் தமிழ் பேசவைத்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு மாயாஜாலப் படம் வந்தது. இரண்டு இளவரசர்கள், அண்ணன் தம்பி. தொட்டிலை ஆட்டும்போது அவர்களுடைய அம்மா ஒரு மெட்டை முனகுகிறாள். பிள்ளைகள் ஆற்றில் விளையாடும்போது அதே மெட்டு புல்லாங்குழலில் துள்ளிக்கொண்டு வருகிறது. பனிமலைச் சூனியக்காரி அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் வருகிறது, ஆனால் பாதியில் அறுந்துபோகிறது. அதற்கப்புறம் வெகுநேரம் அந்த மெட்டே கிடையாது. போர், தீ, பறக்கும் மிருகங்கள். கடைசியில் சூனியக்காரியின் படைத்தலைவன், இரும்பு முகமூடிக்காரன், தம்பியைக் கீழே தள்ளி வாளை ஓங்குகிறான். அப்போது ஒரு பெரிய தந்தி வாத்தியத்தில், அடிக்குரலில், மெதுவாக அந்த மெட்டு வருகிறது. வாள் நிற்கிறது. யாரும் பேசுவதில்லை. முகமூடி கழல்வதெல்லாம் ரொம்பப் பின்னால்தான். அவன் யாரென்று கதையில் ஒருவருக்கும் தெரியாது, காதைத் திறந்து வைத்திருந்த நமக்கு மட்டும் தெரியும்.

முதல்முறை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூடத் தெரியவில்லை. அந்த இடத்தில் ‘பேச்சில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாளே கம்பெனி மேனேஜர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

“மேடம், அந்த முகமூடி சீன் காலியா இருக்கே?”

“அங்க மியூசிக் பேசுது சார்.”

“மியூசிக் பேசுனா யாருக்குப் புரியும்? வாய் தெரியல, நல்ல சான்ஸ். அண்ணன்தான்னு புரியற மாதிரி ஒரு வரி போட்டு விடுங்க.”

“புரியும் சார். அந்த ட்யூனை முதல்லேர்ந்து கேட்டுக்கிட்டு வர்றாங்க இல்ல?”

“ஜாஸ்தி யோசிக்கிறீங்க. ஒரே ட்யூனைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கான்னு சலிச்சுக்குவாங்க, அவ்ளோதான். உங்க ஊர்ப் பக்கம் நிலத்துல கடலை போடறவங்கதான் டிக்கெட் எடுத்து வர்றாங்க. அவங்களுக்கு இதெல்லாம் பிடிபடுமா?”

என் அக்கா கடலை போடுகிறவள். அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலம், பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் விற்பாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கா பிடிபடாது? மாட வீதியில் சாமி புறப்பாட்டுக்கு வந்து நின்று பாருங்கள். முன்னால் நிற்பவரின் பிடரியும் அவர் தோள்மேல் உட்கார்ந்த பிள்ளையின் காலும்தான் தெரியும். நாதஸ்வரத்தில் மல்லாரி கிளம்பியதும் அத்தனை கையும் தலைக்குமேல் போகும். சாமி வெளியே வந்துவிட்டார் என்று யாரும் மைக்கில் சொல்வதில்லை. மைக்கில் சொல்வதெல்லாம் நகை பத்திரம், பிள்ளை பத்திரம் என்பதுதான். தெருமுனையில் அடிக்கிற மேளத்தை வைத்தே கல்யாணமா சாவா என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்லிவிடுகிற ஜனம் இது. இவர்களுக்குக் காது கிடையாது என்று ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் தீர்ப்பு சொல்கிறார்.

“போட மாட்டேன் சார்” என்றேன்.

“அப்ப வேற ஆளை வெச்சுப் போட்டுக்கறோம். அடுத்த படமும் அவருக்குத்தான் போவும்.”

“போட்டுக்கங்க.”

போனை வைத்தேன். அந்தக் கம்பெனி வேலையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. “ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துட்டுப் போயேன்” என்றார் என் கணவர். படம் முழுக்க ஒரு மெட்டை விதைத்துவிட்டு, அறுக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார் ஒரு இசையமைப்பாளர். முகம் தெரியாத அந்த மனிதரின் களத்துமேட்டில் போய் நான் கூச்சல் போட வேண்டுமாம். முடியாது என்றேன். கணவர் அதோடு விட்டுவிட்டார்.

படம் எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்தபோது அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். “கிராபிக்ஸ் படமெல்லாம் எனக்கு எதுக்குடி” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கூட்டம் நிறைய. முன்பாதி முழுக்க அவள் முறுக்கு தின்பதிலேயே குறியாக இருந்தாள். நான் எதையும் தின்னவில்லை. மேனேஜர் சொன்னதுதான் சரி என்றாகிவிட்டால்? வேலையும் போய், வீம்பும் வீணாகி, அக்காவைப் பற்றி அவர் சொன்னதும் உண்மையாகிப் போகும். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

முகமூடிக்காரன் வந்தான். தம்பி விழுந்தான். வாள் ஓங்கியது. அடிக்குரலில், மெதுவாக அந்த மெட்டு ஆரம்பித்தது. முறுக்குப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

“அய்யய்யோ, அவன் அண்ணன்டி இவன்.”

அவள் மட்டுமில்லை. பின்னாலிருந்து “டேய், அண்ணன்டா” என்று ஒருத்தன் கத்தினான். முன்வரிசையில் விசில் பறந்தது. யாரோ ஒரு அம்மா “வெட்டாதடா பாவி” என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். தியேட்டரே பேசிக்கொண்டிருந்தபோது முகமூடிக்குள்ளிருந்து ஏதோ ஒரு குரல் வந்து போனது.

வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அக்கா கேட்டாள்.

“வாளை நிறுத்துனப்போ உள்ளேர்ந்து என்னமோ சொன்னானே, அது நீ எழுதுனதா?”

“இல்லக்கா. வேற ஒருத்தர் எழுதுனது.”

“என்ன சொன்னான்?”

“எனக்குக் கேக்கலக்கா.”

“எனக்குந்தான் கேக்கல. போவுது விடு.”

அந்தக் கம்பெனி அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடவும் வேண்டாம். அந்த வரி என்னவென்று இன்றுவரை நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.