வராந்தாவுக்குப் போன பெஞ்சுகள்

ஐந்தாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடியவன் நான். ஊர் ஊராகச் சுற்றி, அறுபதுகளில் தாராவியில் ஒரு மரப்பட்டறையில் ஒதுங்கினேன். பள்ளிக்கூடத்துக்காக நான் செய்த ஒரே வேலையைப் பற்றி, மரவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்போது செம்பூர்ப் பக்கம் சதுப்பை மேடாக்கிக் குடியிருப்புகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு வந்த வேகத்தில் பள்ளிக்கூடம் வரவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹால். மாட்டுங்காவிலிருந்து வந்துபோகும் ஹெட்மாஸ்டர் பட்டறைக்கே வந்தார்.

"பெஞ்சுல எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை அட்மிஷன்தான், மேஸ்திரி. மேலேர்ந்து ஆர்டர். வெளில நிக்கற குழந்தைகளைப் பார்த்தா மனசு கேக்கலை. ரெண்டு வரிசை ஜாஸ்தி போட முடியுமா?"

"நம்மகிட்ட விடுங்க சார்," என்றேன்.

உட்காரும் பலகையின் அகலத்தைக் குறைத்தேன். பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் குறைத்தேன். காலி ஹாலில் வரிசைகள் கச்சிதமாக நின்றன. நானே நின்று ரசித்தேன்.

திறப்பு நாளன்று கடைசி இடம் பேச்சியம்மாளின் மகள் செல்விக்கு. பேச்சியம்மாள் அந்தக் குடியிருப்புக்கே சிமெண்ட் சட்டி சுமந்தவள். இடம் இல்லையென்றால் செல்வியும் சட்டி தூக்கப் போகவேண்டியதுதான்.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பழகாதவர்கள். ஏறியதும் காலை மடக்கிச் சம்மணம் போட்டார்கள். ஐந்து பேர் உட்காரவேண்டிய பெஞ்சில் மூன்று பேர்கூடக் கொள்ளவில்லை. காலைத் தொங்கப்போட்டவர்களுக்கு முட்டி டெஸ்கில் இடித்தது. ஒருவன் எழுந்திருக்க முடியாமல் அழுதான். ஹெட்மாஸ்டர் கடைசியிலிருந்து ஆளைக் குறைக்க ஆரம்பித்தார். முதலில் வெளியே வந்தவள் செல்வி.

"அண்ணாச்சி, இது பெஞ்சா, எலிப்பொறியா?" என்றாள் பேச்சியம்மாள். "செய்யும்போது ஒரு பிள்ளைய உக்கார வச்சுப் பாத்தியளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நீங்க சோறு திங்கையில எப்படி உக்காருவிய?"

"சம்மணம் போட்டு."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"சாரு, இந்தக் கட்டையள வெளிய தூக்கிப் போடுங்க. எங்க பிள்ளைய தரையில உக்காரும்."

"ஆர்டர் இருக்கேம்மா."

"பெஞ்ச எண்ணித்தான ஆர்டரு? வராந்தாவுல கிடந்தா அது பெஞ்சு இல்லையா?"

ஹெட்மாஸ்டர் கோட்டைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்தார். "மறுமுனையைப் பிடிங்கோ, மேஸ்திரி."

என் பெஞ்சுகளை நானே சுமந்து வெளியே அடுக்கினேன். தரையில் செல்வி உட்கார்ந்தாள். வாசலில் நின்ற மற்றப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். அப்புறமும் இடம் மிச்சமிருந்தது. அதுவரை பிள்ளைகளின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது என் வேலைதான்.

அந்த வாரமே தாணேக்கு வேலை தேடிப் போய்விட்டேன். இன்றும் செம்பூர் வழியாக பஸ்ஸில் போனால் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: அறையை அளப்பது அப்புறம் இருக்கட்டும். உட்காரப் போகிறவரை முதலில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள்.