உள்ளே தள்ளி நின்ற மாமா

எனக்குக் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. ஜிமிக்கியும் பீரோவில் தயார். தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை. அந்த மாமாவோ, அச்சுக்குப் போவதற்கு முன் அம்மா காட்டிய பத்திரிகையைப் பார்த்துவிட்டு, வரவே மாட்டேன் என்றார்.

அதை அடித்தது அத்தை, அப்பாவின் தங்கை. கும்மிடிப்பூண்டி பஜாரில் புதிதாக வந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும் என்று அங்கே கற்றிருந்தாள். உறவுக்காரர் பெயர்களுக்கும் அதையே செய்துவிட்டாள். முதல் பெயர் மாமாவுடையது. மற்றவர்களெல்லாம் ஓரத்தில் ஒரே கோட்டில் நிற்க, அவர் மட்டும் உள்ளே தள்ளி நின்றார்.

"இன்னாக்கா இது? வரிசைல சேக்காம என்னை மட்டும் தள்ளி வெச்சிக்கிறீங்க!" என்று அம்மாவிடம் குதித்தார். பந்தியில் இலை கோணலாக விழுந்தாலே எழுந்துபோகிற வம்சம் அது.

நான் அழ ஆரம்பித்தேன். அத்தை அசரவில்லை.

"ஓரத்துல கீறவங்க வாசல்ல நிக்கிறவங்க. உங்கள உள்ள கூப்ட்டு உக்கார வெச்சிக்கிறேன். புடிக்கலைன்னா சென்டருக்கு வந்து நீங்களே வெளிய தள்ளிக்குங்க."

மறுநாள் சாயங்காலம் என்னையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு மாமா போனார். அத்தை காட்டிய பொத்தானை, ஏர் பிடித்த விரலால் ஓங்கி அழுத்தினார். பெயர் துள்ளித் துள்ளி ஓடியது.

"ஐயோ, மெதுவா! ஆந்திராவுக்கே போயிடப் போவுது!"

"அப்போ நீயே இஸ்து உடு."

அத்தை ஓரத்துக்கு இழுத்துவிட்டாள். அது மாமாவுக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த நாளும் போனோம், இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்க. அதற்கடுத்த நாளும். போகும்போதெல்லாம் மசால் வடை வாங்கிக்கொண்டு போவார். நான் தின்றுகொண்டே, நாள் நெருங்குகிறதே, இந்தப் பெயர் ஒரு இடத்தில் நிற்காதா என்று கவலைப்படுவேன்.

"அச்சாபீஸ்ல கத்துறாங்க. உள்ளவா, வெளியவா, சொல்லுங்க!" என்றாள் அத்தை ஒரு நாள்.

"உள்ளவே இருக்கட்டும்" என்றார் மாமா, திரையைப் பார்க்காமலே.

அவர் மடியில்தான் காது குத்தினார்கள். வலியில் அவர் கையைக் கடித்துவைத்தேன். அவர் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் நின்ற இடத்திலேயே கடைசியிலும் நின்ற பெயருக்கு அத்தனை சாயங்காலமா? கம்ப்யூட்டர் ரொம்பக் கஷ்டமான படிப்பு என்று முடிவு செய்தேன். தை மாதம் அத்தை இன்னொரு பத்திரிகை அடித்தாள். நடுவில் மாமா பெயர், அத்தை பெயர். இந்தமுறை யாரும் எதையும் தள்ளச் சொல்லவில்லை. ஒரே நாளில் வேலை முடிந்தது.

"அப்போ இனிமே வடை இல்லியா?" என்று கேட்டேன். வீடே ஏன் அப்படிச் சிரித்தது என்று எனக்கு விளங்கவில்லை.