சித்தி கேட்ட உப்பு

சென்னையில் என் அலுவலகத் தோழிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரன்ச். நன்றாகத் தூங்கி எழுந்து, கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே தட்டில் முடித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். ஆனாலும் கூப்பிட்டால் நான் முதல் ஆளாகப் போய்விடுவேன். கடை கடையாக ஏறி, தின்று பார்த்து, நல்லது கெட்டது சொல்வதில் நான் கைதேர்ந்தவள். ஒன்பது வயதிலேயே சித்தியோடு சிவகாசி பேக்கரிகள் அத்தனையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. விருதுநகர்க்காரி. எங்கள் வீடு சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துப் பக்கம். அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் வெடிக் கம்பெனிக்குப் போகிறவர்கள். சித்தி மட்டும், வந்த அன்றைக்கே, “எனக்கு அந்த மருந்து வாடை ஆகாது, நான் சோறாக்கிப் போடுறேன்” என்று சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிக்குள் இடிக்கும் மருந்து. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை.

சித்தி அப்படியொரு நாக்குக்காரி. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவாள். எந்த பேக்கரிக்குப் போனாலும் முதலில் வெறும் பன் கேட்பாள். கிரீம் எல்லாத் தப்பையும் மறைத்துவிடுமாம். வெறும் பன்னில் பாஸான கடைக்குத்தான் அடுத்து தேங்காய் பன், பப்ஸ், ஹனி கேக் என்று மரியாதை. ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். “இதுல நெய்யுமில்ல வெண்ணெயுமில்ல, அம்புட்டும் டால்டா” என்று கடைக்காரர் காதுபடவே சொல்வாள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் பப்ஸை மட்டும் கீழே வைக்க மாட்டேன்.

தின்று பார்த்ததை வீட்டில் செய்து பார்ப்பாள். எங்களிடம் ஓவன் ஏது? குக்கரில் வாஷரையும் விசிலையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் கனமாக உப்பைப் பரப்பி, அதன் மேல் மாவு ஊற்றிய பிஸ்கட் தகரத்தை வைத்து மூடிவிடுவாள். தகரத்தின் உள்பக்கம் டால்டா தடவி மைதா தூவுவது என் வேலை. கொஞ்ச நேரத்தில் கேக் வாசனை தெரு முழுக்கப் போகும். அக்கம்பக்கத்தார் ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

இங்கே உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் உப்பு என்றால் வெடி மருந்தில் சேர்க்கும் வெடியுப்பு. சமையலுக்குப் போடுவது கறியுப்பு. ‘கறியுப்பு வாங்கிட்டு வா’ என்றுதான் கடைக்கு அனுப்புவார்கள். சித்திக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது. “உலகத்துல எங்கயாச்சும் உப்புக்கு அடைமொழி போடுவாகளா?” என்று அம்மாவைக் கேலி செய்தாள். வந்து ஒரு மாதம் ஆவதற்குள் அவளும் கறியுப்பு என்றே சொல்லப் பழகிவிட்டாள்.

அந்த இன்னொரு உப்பு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்றால், அப்பாவும் சித்தப்பாவும் கம்பெனி வேலை போக, கோயில் திருவிழாக்களுக்கு வெடி செய்து கொடுக்க ஆர்டர் பிடிப்பார்கள். வெளியே தெரியக் கூடாத வேலை. அதற்கான உப்பு மூட்டையும் கந்தகத் தகரமும் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு தகர ஷெட்டில் கிடந்தன. கதவுக்குப் பூட்டு கிடையாது, ஒரு சணல் கயிறுதான் கட்டியிருக்கும். எனக்கு அது ஒளிந்து விளையாடத் தோதான இடம்.

ஒருநாள் சித்தி பேக்கரிப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரம் பார்த்து, அதிலிருந்து ஒரு கிரீம் பன்னைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டேன். சித்தி தேடிக்கொண்டு வந்தாள். நான் உப்பு மூட்டை மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து கிரீமை நக்கிக்கொண்டிருந்தேன். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், சட்டென்று என்னைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற வயசா எனக்கு? அப்படியே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

அன்றிலிருந்து சித்திக்கு ஒரே பேச்சு. அந்த மூட்டை வீட்டில் இருக்கக் கூடாது. சித்தப்பாவிடம் சொன்னாள், அப்பாவிடம் சொன்னாள். அதற்குச் சில நாள் முன்புதான் பக்கத்து ஊரில் இதே வேலை செய்த ஒரு வீட்டின் கூரை பறந்து, உள்ளே இருந்தவர்களைத் துணியில் கட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அதையும் சொல்லிப் பார்த்தாள். “சீசன் முடியட்டும் பாப்போம்” என்பார் சித்தப்பா. “பொறந்ததுல இருந்து இதுக்குள்ளதான் கெடக்கோம், டவுன்ல இருந்து வந்த பிள்ளைக்கு எல்லாமே பயந்தான்” என்று அப்பா சிரிப்பார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு மூட்டை வரப்போகிறது என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. சித்தி எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தி பேக்கரிக்குக் கிளம்பவில்லை. சாப்பாடு முடிந்ததும் மாவு கலந்தாள். நான் தகரத்தில் டால்டா தடவி, மைதா தூவி, மாவு ஊற்றிய பிறகு மேலே முந்திரிகளை வட்டமாக நட்டு வைத்தேன். அப்பாவும் சித்தப்பாவும் டீக்கடையில் இருந்தார்கள். அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, உப்பு எடுத்துட்டு வா. குக்கர் அடி மூடுற அளவுக்கு வேணும்” என்றாள் சித்தி.

“எந்த உப்பு சித்தி?”

“உப்புன்னா உப்புதான்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கென்ன, ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மூட்டையிலிருந்து அள்ளி எடுத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் சித்தி நிற்கிறாள். பின்னாலேயே வந்திருக்கிறாள். சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் கைகளை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வலித்தது. வெளியே போய் விளையாடச் சொன்னாள்.

பாண்டி ஆடக் கட்டம் போட்டு முடிப்பதற்குள் கூப்பிட்டாள். “டீக்கடைக்கு ஓடு. கேக்கு அடுப்புல இருக்குன்னு அப்பாகிட்டயும் சித்தப்பாகிட்டயும் சொல்லு. உப்பு செட்டுல இருந்து எடுத்ததையும் சொல்லு. மறக்காமச் சொல்லணும், என்ன?”

மறப்பேனா? என் பங்கும் அதில் இருக்கிறதே. டீக்கடையில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “சித்தி கேக்கு வச்சிருக்கு! குக்கருக்கு நான்தான் செட்டுல இருந்து உப்பு அள்ளிக் குடுத்தேன்!” என்று கத்தினேன்.

சித்தப்பா கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். “எந்த உப்பு? ஏ புள்ள, வாயத் தொறந்து சொல்லு, எந்த உப்பு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதைத்தானே சொன்னேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெருவில் சித்தியும் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் கையில் ஈரத்துணி அப்படியே இருந்தது.

“அடுப்ப அணைச்சிட்டேன் மச்சான், சிலிண்டரையும் மூடிட்டேன். இப்பத்தான்” என்றாள் சித்தி. அப்பாவை அவள் மச்சான் என்றுதான் கூப்பிடுவாள்.

சித்தப்பா உள்ளே பாயப் போனார். அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. “உள்ள போகாதலே! தானா ஆறட்டும். ஒருத்தரும் தொடக் கூடாது. சொவத்துக்கு அந்தப் பக்கம் என்ன கெடக்குன்னு தெரியும்ல!”

பக்கத்து வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் வெளியே வரச் சொன்னார். கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஒருவர் வந்தார். தெருக்கோடியில் எல்லோரும் ஒதுங்கி எங்கள் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். கம்பெனியில் எத்தனையோ விபத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அப்பா. அவர் உதடு துடித்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் பயம் பிடித்தது. அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டேன்.

திடீரென்று ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல். தெருவே குனிந்தது. சித்தப்பா தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கைப்பிள்ளைக்காரி பிள்ளையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அது வேறொன்றுமில்லை, அவசரத்தில் யாரோ அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதால் அவர்கள் வீட்டுக் குக்கர் போட்ட விசில். இன்னொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

சித்திதான் பேசினாள். சத்தம் போட்டுப் பேசவில்லை, ஆனால் தெருவுக்கே கேட்டது. “ஒரு சட்டி உப்புக்கே தெருவக் காலி பண்ணிட்டீக. மூட்டையா அங்கன கெடக்கையில எப்படி மச்சான் தூங்குனீக? அது மேல உக்காந்து இந்தப் பிள்ள பன்னு தின்னுக்கிட்டு இருந்துச்சு. தெரியுமா உங்களுக்கு?”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா மண்ணிலிருந்து எழுந்திருக்கவில்லை. அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். அப்புறம், அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டிராத என் அம்மா, “அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றாள்.

நெடுநேரம் கழித்து அப்பா தனியாக உள்ளே போனார். போனவர் வருகிற வரைக்கும் அம்மாவின் விரல்கள் என் தோளில் பதிந்து கிடந்தன. பிறகு அப்பா குக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் வைத்துத் திறந்தார். “நல்ல வேளை, சூடு ஏறுறதுக்குள்ள அணைச்சிட்டா” என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். கேக் துளிகூட எழும்பவில்லை. பச்சை மாவு. நான் நட்டு வைத்த முந்திரி நட்டபடியே நின்றது. தகரத்தின் ஓரத்தில் நான் தடவிய டால்டா, என் விரல் தடத்தோடு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்க, கேக் போய்விட்டதே என்று நான் மட்டும் ஓவென்று அழுதேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சித்தியைத் திட்டித் தீர்த்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு, “எங்க ஊர்ல உப்புன்னா உப்புதான் மச்சான். எனக்கு என்ன தெரியும்?” என்றாள். டவுன் பிள்ளை, பாவம் என்று தெருவே அவளுக்குப் பரிந்து பேசியது. பொழுது சாய்வதற்குள் மூட்டையும் கந்தகத் தகரமும் வாங்கிய இடத்துக்கே சித்தப்பாவின் வண்டியில் போய்ச் சேர்ந்தன. திருவிழா ஆர்டர் வேண்டாம் என்று அப்பா போனில் சொன்னார். ஷெட்டில் அதற்குப் பிறகு கோழிதான் வளர்த்தோம்.

போன மாதம் சென்னையில், என் வாடகை வீட்டில், சித்தி மாதிரியே குக்கரில் ஒரு கேக் வைத்தேன். டால்டா தடவிய தகரத்தை உள்ளே இறக்கி, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, முந்திரி வைக்க மறந்தது ஞாபகம் வந்து மூடியைத் திறந்தேன். அதற்குள் டால்டா உருகி, என் விரல் தடம் இருந்த இடமே தெரியவில்லை. கையில் முந்திரியோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு அந்தத் தடம் அழியவே இல்லை, கேக் வாசனையும் வரவில்லையே! சித்தி அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் வாய் வார்த்தைக்குக் காது கொடுத்திருந்தால், ஒரு பெண்பிள்ளைக்கு இத்தனை பெரிய நாடகம் தேவைப்பட்டிருக்குமா என்று எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. சித்தியை நினைத்தால் கண் கலங்குகிறது.

ஆனால் ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தி மறுபடியும் மாவு கலந்தாள். குக்கரைத் துலக்கி அடுப்பில் ஏற்றிவிட்டு, “பாப்பா, கறியுப்பு எடுத்துட்டு வா” என்றாள். நல்ல வேளை, சித்திக்கு மறந்துபோயிருந்த வார்த்தை திரும்ப ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, உப்பு ஜாடியை எடுக்கச் சந்தோஷமாக ஓடினேன்.