கல்லோடு போன குண்டு

என் கை ரேஷன் அரிசியில் பழகிய கை. அந்தக் காலத்து ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கி முடியாது, அரித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கென்று அரிக்கஞ்சட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது. உள்பக்கம் சுற்றிச் சுற்றி வரிவரியாகக் கீறல் போட்ட மண்சட்டி. அரிசியும் தண்ணீருமாக அதில் போட்டு ஆட்டிச் சாய்த்தால், அரிசி தண்ணீரோடு வழிந்து பக்கத்துப் பாத்திரத்தில் விழும். கல் வரிகளில் மாட்டிக்கொண்டு அடியில் தங்கும். தங்கியதைப் பின்பக்கம் வீசிவிட்டு அடுத்த கை அரிசி போடுவோம். எதிர் வீட்டு அக்கா இந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்வார்: "புருஷனுங்க பல்லு நம்ம கையிலதாண்டி கீது." ஊரில் யார் எது சொன்னாலும் எனக்கு மறக்காது. அக்கா சொன்னது என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் நான் ஆற்றில் தங்கம் தேடினேன்.

எழுபதுகளின் பின்பாதி அது. பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆரணிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்தால் நான் பக்கத்தில் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பேன். ஆடிப் பதினெட்டு வந்தால் தெருப் பெண்கள் எல்லாரும் ஆற்றுக்குப் போய்த் தாலிக் கயிறு மாற்றுவது வழக்கம். பெருக்கு என்று பெயர்தான், நம் ஆற்றில் ஆடியில் ஏது தண்ணீர்? மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிய தண்ணீரில் மஞ்சள் குழைத்து, அந்தக் கரையிலேயே உட்கார்ந்து பழைய கயிற்றிலிருந்து புதுக் கயிற்றுக்கு ஒவ்வொன்றாகக் கோப்போம்.

அப்படிக் கோக்கும்போது என் மடியிலிருந்து ஒரு குண்டு உருண்டுவிட்டது. தாலிக்கு வலப்பக்கத்துத் தங்கக் குண்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஈர மணலில் விழுந்த சத்தம்கூட இல்லை. "யாரும் காலத் தூக்காதீங்க" என்று அக்கா சொன்னார். சொன்னதும் எல்லாரும் என்னவோ ஏதோ என்று காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். விழுந்த இடம் மிதிபட்டுப் போயிற்று.

அந்தக் குண்டு என் அம்மா தன் காதில் இருந்ததைக் கழற்றி அழித்துச் செய்து போட்டது. என் கல்யாணத்துக்கு மறு வருஷம் அம்மா போய்விட்டார். அவர் கை பட்டது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். புடவை கிழிந்திருந்தது, பித்தளைப் பாத்திரம் கைமாறியிருந்தது.

அத்தை, அதாவது என் மாமியார், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குண்டு இருந்த இடத்தில் மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு, "ஆத்துக்குக் குடுத்ததா நெனச்சிக்கோ. தைக்கு வேற ஒண்ணு பண்ணிக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். மஞ்சள் துண்டு குண்டைவிடப் பெரிது, குளித்தால் இன்னும் ஊறும். தாலி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். ராட்டையைச் சுற்றக் குனிந்தால் கண்ணுக்கு முன்னால் சாய்ந்து ஆடும். நேராக்குவேன், மறுபடி சாயும். இழை அறும், முடிவேன், மறுபடி அறும். அவர் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ராட்டை சத்தத்துலயே தெரியுது, நீ இங்க இல்ல. போய்த் தேடிட்டு வந்துடு."

போனேன். ஊற்றுப் பக்கம் அவர் முந்தின நாளே அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டிருந்தார். மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் தினம் சாயங்காலம் கருக்கலாக இருந்தது. மலையில் ஒரு நல்ல மழை பெய்தால் இங்கே மணல் இடம் மாறிவிடும். குச்சியும் இருக்காது, குண்டும் இருக்காது. அந்த நினைப்பே என்னை உட்கார விடவில்லை.

வேர்க்கடலை சலிக்கிற சல்லடையை முதலில் நானும் அக்காவும் எடுத்துப் போனோம். அதன் கண்ணில் குண்டு தாராளமாக இறங்கிவிடும் என்று போன பிறகுதான் உறைத்தது. மாவுச் சல்லடையில் போட்டால் ஈர மணல் அடைத்துக்கொண்டு ஒரு பொடியும் இறங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அரிக்கஞ்சட்டி ஞாபகம் வந்தது. என் யோசனைதான், அக்காவும் ஒத்துக்கொண்டார். அரிசியில் கல்லைப் பிரிக்கிற சட்டி மணலில் தங்கத்தைப் பிரிக்காதா? மறுநாள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு சட்டியோடு ஊற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பாலத்தின் மேல் வந்தவாசி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, ஆத்துலயே சமையலா?" என்று கேட்டார். அக்கா நிமிரவில்லை. "ஆமா, எலை எடுத்துகினு வாங்க" என்றார்.

முதலில் சட்டி நிறைய மணலை அள்ளிப் போட்டுவிட்டுத் திணறினோம். பாதிக்கும் குறைவாகப் போட்டால்தான் மணல் அசையும் என்று தெரிந்தது. பெரிய கூழாங்கல்லைத் தண்ணீரிலேயே கழுவிவிட்டு எடுத்துப் போட வேண்டும், அதில் ஒட்டிக்கொண்டு குண்டு போய்விடக் கூடாது. களிமண் கட்டியை விரலால் கரைக்க வேண்டும். சட்டியைத் தண்ணீருக்குள் முக்கியே வைத்துப் பக்கவாட்டில் குலுக்க வேண்டும், கனமானதெல்லாம் கீழே இறங்கட்டும் என்று. இறங்கிய பிறகுதான் சாய்க்க வேண்டும், அவசரப்பட்டுச் சாய்த்தால் எல்லாம் சேர்ந்து ஓடிவிடும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தி கண்டுபிடித்து இன்னொருத்தியிடம் சொல்ல, அன்றன்றைக்கு எங்கள் கை திருந்திக்கொண்டே வந்தது. வழிந்த மணலைத் தாம்பாளத்தில் பிடித்து, பரப்பி, விரலால் தடவித் தடவிப் பார்த்தோம். காக்காப்பொன்தான் மினுக்கியது.

குண்டு மட்டும் கிடைக்கவில்லை. குச்சியைச் சுற்றி இருந்த மணல் முழுக்க அரித்தாகிவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தராக வேலை இருக்கிறது என்று எழுந்து போனார்கள். அக்கா மட்டும் இருந்தார். அவரும், "போதும்டி, ஜல்தி வீட்டுக்குப் போ, ஒலை வெக்கணும் இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அரிசி அரித்துக்கொண்டிருந்தேன். மனசு ஆற்றில் இருந்தது. கை தானாக ஆட்டியது, தானாகச் சாய்த்தது, அரிசி வழிந்து விழுந்தது, அடியில் தங்கியதைக் கை தானாகப் பின்வாசல் பக்கம் வீசியது. சுவரோரம் கல் விழுந்து சலசலத்தது.

அந்தச் சத்தத்தில் என் கை நின்றுவிட்டது. ஆற்றிலும் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எத்தனை கைகள், எல்லாம் கல் அரித்துப் பழகிய கைகள். வழிந்ததைப் பத்திரமாகப் பிடித்துத் தடவிப் பார்த்தோம். தங்கியதை முதுகுக்குப் பின்னால் வீசிக்கொண்டே இருந்தோம். தங்கம் கல்லைவிடக் கனம், வழியவா வழியும்? எங்கள் கை எவ்வளவு திருந்தியதோ அவ்வளவு சரியாகக் குண்டை அடியில் இறக்கி, அவ்வளவு சரியாக வீசியிருக்கிறோம்.

சட்டியைப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா கேட்டார், வாயில் கை வைத்துக்கொண்டார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சோறாக்கற கைய ஆத்துக்கு இட்டுகினு போனது நம்ம தப்புடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலைப் பக்கம் இடி கேட்டுக்கொண்டிருந்தது. விடியும்வரை பாயில் புரண்டு, எழுந்து போய் வானத்தைப் பார்த்து, மறுபடி வந்து படுத்து, அவர் தூக்கத்தையும் கெடுத்தேன்.

விடிந்ததும் அக்காவும் நானும் போனபோது ஆற்றின் அக்கரையோரம் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் ஒரு கோடு போல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஆனால் வரும். நாங்கள் உட்கார்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால், ஆளுக்கொன்றாக, பொடிக்கல் குப்பல்கள் அப்படியே கிடந்தன. என் குப்பலில்தான் கையை வைத்தேன். முதல் சட்டியைக் குலுக்கி, சாய்த்து, மணலை எல்லாம் போகவிட்டு, அடியில் ஒரு பிடி மிச்சம் வந்தது. வந்ததும் என் கை அதை வீசிவிட்டது.

"அடியேய்" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்த இடத்துக்கு வந்ததும் கைக்கு வேறொன்றும் தெரியவில்லை. விழுந்ததைத் துழாவி அள்ளிப் போட்டு, இன்னொரு தரம் வீசப் போனபோது எனக்கே பயமாகிவிட்டது. அப்புறம்தான் சட்டியை இடக்கைக்கு மாற்றினேன். இடக்கை அரிசி அரித்ததே இல்லை. தடுமாறியது, தண்ணீரைச் சிந்தியது, ஆனால் எதையும் வீசவில்லை. மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து மணலை விட்டேன். கூழாங்கல் போய், பொடிக்கல் போய், கடைசியில் கருமணல் மட்டும் வரிகளில் கோலக் கோடு மாதிரி நின்றது. ஒரு கை தண்ணீர் மட்டும் வைத்து வட்டமாகச் சுற்றினேன். கருமணல் நகர்ந்தது. நகராமல் ஒன்று நின்றது.

மினுக்கவில்லை. மஞ்சள் படிந்து மங்கலாக, சும்மா உட்கார்ந்திருந்தது. குனிந்து, கைநிழலில் பார்த்தேன். காக்காப்பொன் என்றால் நிழலில் செத்துப்போகும். இது அதே நிறத்தில் இருந்தது. அக்கா தன் முந்தானையை விரித்துச் சட்டிக்கு அடியில் பிடித்தார். நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் குச்சிக்கு வந்திருந்தது.

அத்தைதான் குண்டைக் கோத்துக் கட்டினார். தாலி நேரானது. நான் நேராகவில்லை. ராட்டையில் உட்கார்ந்தால் கை அடிக்கடி கழுத்துக்குப் போய் இருக்கிறதா என்று பார்க்கும். கோடையில் நெசவு மந்தமாக இருக்கும் நாட்களில் அக்காவையும் இழுத்துக்கொண்டு சட்டியோடு ஆற்றுக்குப் போவேன். ஒன்றும் பெரிதாகக் கிடைத்ததில்லை. எப்போதாவது தூசு மாதிரி ஒரு மஞ்சள் புள்ளி. அதை ஆசாரியிடம் காட்டி, அது எதுவும் இல்லை என்று அவர் சொல்லக் கேட்டுக்கொண்டு வருவோம். "உன் கால்ல பம்பரத்தக் கட்டி உட்டுட்டுப் போச்சிடி அந்தக் குண்டு" என்பார் அக்கா. அடுத்த வருஷமும் வருவார். எண்பதுகளில் கடையில் கல் இல்லாத அரிசி வந்து அரிக்கஞ்சட்டி பரணுக்குப் போன பிறகும் ஆற்றுக்கு மட்டும் அதை இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. குண்டு கிடைத்த அந்த வருஷத்து ஆவணியில் ஒரு நாள் அவர் தறியை விட்டு எழுந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடக்கென்று சத்தம் கேட்டது. வாயிலிருந்து கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இரண்டாவது வாயிலும் ஒன்று. அதையும் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமே, அடியில தங்கினத எனக்குப் போட்டுட்டியா?"

இரண்டு கல்லையும் எடுத்துப் பின்வாசலுக்குப் போனேன். கைநிழலில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வீசினேன்.