முள்ளுக் குத்திய கிரீனில் கோடு கிடையாது

1. மாட்டேங்க

“கோடு காட்டு!” என்றார் நெட்டைத் துரை.

“மாட்டேங்க தொரை” என்றேன்.

இலங்கை மலைநாட்டில், பதுளையில் துரைமார் கோல்ஃப் ஆடும் கிளப்பின் கடைசிக் கிரீனில், துரைமாரும் துரைசானிமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் சொன்ன சொல் அது. ஜெர்மன் சண்டைக்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் பெண்டாட்டி காமாட்சிக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இப்போது பை தூக்க வரும் இளவட்டங்கள், “அண்ணே, அந்தக் காலத்துல தொரைய எதுத்துப் பேச முடியுமா?” என்று கேட்கிறார்கள். பேச முடியும். பேசிய பிறகு எங்கே படுப்பது என்பதுதான் கேள்வி. கேட்கிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2. விரல் வேலை

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருந்தது. அங்கே பெரிய துரையாக இருந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர்தான் நெட்டைத் துரை. அவர் பனை உயரம் இருப்பார். கோபமும் அதே உயரம். வாரத்தில் ஒரு நாள் அவர் குதிரையில் பதுளைக்குப் போவார். நான் கோல்ஃப் கட்டைகள் உள்ள பையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கி அவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்ன வெள்ளைப் பந்தைக் கட்டையால் அடித்து, தூரத்தில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் போட வேண்டும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்த புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அங்கே போய்ச் சேருவதற்கான நீளப் புல்வெளி ஃபேர்வே. இதற்காகத்தான் ஒரு மனிதர் பகல் முழுக்க நடப்பார், இன்னொரு மனிதன் பின்னால் சுமந்துகொண்டு நடப்பான்.

சுமப்பது பெரிய வேலை இல்லை. எங்கள் தொழிலின் உயிர் விரலில் இருந்தது. கிரீனுக்கு வந்ததும் துரை, “கோடு காட்டு” என்பார். மேடு பள்ளம், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஈரமா காய்ந்ததா, எல்லாவற்றையும் பார்த்து, பந்து எந்த வழியாக உருண்டால் குழிக்குப் போகும் என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். அவரவர் பைக்காரனிடம் மட்டுமே கேட்கலாம், எதிராளியின் பைக்காரனிடம் கேட்கக்கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். நான் நன்றாகவே காட்டுவேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஆனால் ஒன்று. பந்து விழுந்தால் துரையின் கை சுத்தம். விழாவிட்டால் என் விரல் கோணல். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். சாதாரண நாளில் இரண்டு வசவோடு போய்விடும்.

3. முள்ளுக் குத்து

பதுளை மண் செம்மண். துரைமாரின் பூட்ஸ் மிதித்து மிதித்துத் தரை இறுகிப்போகும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, புல்லின் வேர் மூச்சு முட்டும். அதனால் வருடத்துக்கு ஒரு தரம் தோட்டங்களிலிருந்து ஆளைக் கூட்டிவந்து கிரீனிலும் ஃபேர்வேயிலும் முள்ளுக் குத்துவார்கள். தேயிலை மலையில் இறுகின மண்ணை இரும்புப் பல் வைத்த முள்ளால் குத்தி இளக்குகிறோமே, அதே வேலை. குத்திய துளைகளில் பதுளு ஓயா ஆற்று மணலைக் கொட்டி, விளக்குமாற்றால் தள்ளி நிரப்புவார்கள். புல்லுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அது ஆறும்வரை கிரீன் அம்மை வார்த்த முகம் போல இருக்கும்.

அந்த நாட்களில் ஆடுவது எப்படி என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், சொல்லிவிடுகிறேன். ஃபேர்வேயில் பந்து முள்ளுத் துளையில் உட்கார்ந்தால் எதிராளி பார்க்க எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், எங்கள் கிளப் அதற்கு அனுமதி கொடுத்திருந்தது. கிரீனில் அந்தச் சலுகை இல்லை. அங்கே மெல்லத் தட்டினால் துளைக்குத் துளை பந்து தடுமாறும். கொஞ்சம் துணிந்து தட்ட வேண்டும், குழியின் நடுவைப் பார்த்துத் தட்ட வேண்டும். அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே இடத்தில் பந்தை வைத்து ஒரே மாதிரி இரண்டு தரம் தட்டிப் பாருங்கள். ஒன்று இந்தப் பக்கம் போகும், மற்றது அந்தப் பக்கம் போகும். அங்கே கோடு என்று எதுவும் கிடையாது.

கிடையாத கோட்டைக் காட்டச் சொன்னதால்தான் ராமையா போனான்.

ராமையா எனக்கு முன்னால் நெட்டைத் துரைக்குப் பை தூக்கியவன். என் லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், எனக்கு இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்தான். முந்தின வருடம், இதே முள்ளுக் குத்திய கிரீனில், துரை கேட்டார், அவன் விரலை நீட்டினான். பந்து ஒரு துளையில் தட்டி விலகிப்போனது. துரை தோற்றார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது அவனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தார். தோட்டத்தை விட்டுப் போ, லயத்தைக் காலி செய் என்பதுதான் அந்தச் சீட்டின் அர்த்தம். மழையில், கைக்குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டு, அவனும் அவன் பெண்சாதியும் இறங்கிப் போனார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்குப் பகலே துரை என்னைக் கூப்பிட்டு அந்தப் பையைக் கொடுத்தார்.

4. கோப்பைக்கான ஆட்டம்

அடுத்த வருடம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் முள்ளுக் குத்திய வாரத்திலேயே வந்து விழுந்தது. எங்கள் நெட்டைத் துரைக்கும் மடுல்சீமைத் தோட்டத்துத் துரைக்கும் போட்டி. மடுல்சீமைத் துரை குண்டு மனிதர், சிரித்துக்கொண்டே ஆடுவார். அவருக்குப் பை தூக்கியவன் மாயழகு.

காலையில் புறப்படும்போது காமாட்சியிடம் சொன்னேன்.

“இன்னைக்கு கோடு காட்டப் போறதில்ல, காமாச்சி.”

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“காட்டினா?”

“பந்து தவறினா ராமையா கதிதான்.”

“காட்டலேன்னா?”

“அதுக்கும் சீட்டுதான் குடுப்பாரு.”

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். “ரெண்டுக்கும் வீடு போகுதுன்னா காட்டாமலே வாங்க. செய்யாத தப்ப செஞ்சேன்னு கைகட்டி நிக்க வேணாம்” என்றாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அந்தத் தெம்போடு இறங்கினேன்.

முதல் கிரீனிலேயே சொல்லிவிட்டேன். “இன்னைக்கு கோடு தெரியலீங்க தொரை. முள்ளு குத்தியிருக்கு.” துரை தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். மூன்றாவது கிரீனில் சிரிப்பு நின்றது. “நீ ஊமையா?” என்றார். பாதி ஆட்டத்தில் ஒரு சின்னத் தட்டைத் தவறவிட்டதும், “நீ காட்டல்லே, அதான் போனது!” என்று கத்தினார். காட்டினாலும் குற்றம், காட்டாவிட்டாலும் குற்றம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசிக் கிரீனுக்கு வரும்போது இரண்டு பேரும் சமம். மடுல்சீமைத் துரை தட்டின பந்து துளைகளில் குதித்துக் குழியோரம் நின்றுவிட்டது. அடுத்த தட்டில் அதைப் போட்டுவிட்டார். நெட்டைத் துரையின் பந்து குழிக்கு இரண்டு கட்டை நீளம் தள்ளிக் கிடந்தது. அதை ஒரே தட்டில் போட்டுவிட்டால் கோப்பை அவருக்கு. அப்போதுதான் சபை நடுவே என்னைக் கேட்டார், நானும் மாட்டேன் என்றேன்.

“நீ என்ன சொல்றது?”

“மாட்டேங்க. இந்தக் கிரீன்ல கோடு கெடையாதுங்க. நான் ஒரு பக்கம் காட்டி பந்து வேற பக்கம் போனா, ராமையாவுக்குக் குடுத்த சீட்ட எனக்கும் குடுப்பீங்க. குடுக்கிறதா இருந்தா, காட்டாமலே வாங்கிக்கிறேன்.”

 துரையின் முகம் காது வரை சிவந்தது.

“பை கீழே வை! போ!”

வைத்தேன். நாலு எட்டு நடந்து கிளப்பின் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வேலி ஓரத்தில் மற்ற துரைமாரின் பைக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். துரை அவர்களைப் பார்த்துக் கையைச் சொடுக்கினார்.

“யாராவது வா! கோடு காட்டு!”

ஒருவனும் அசையவில்லை. நமுனுகுலத் தோட்டத்துப் பைக்காரன் குனிந்து கால் நகத்தைப் பார்த்தான். இன்னொருவன் தலைப்பாகையை அவிழ்த்து நிதானமாக மறுபடி கட்டினான். ராமையாவை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுளில் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அப்போது மாயழகு தன் தோள் பையை இறக்கித் தரையில் வைத்தான்.

“எங்க தொரைக்கும் இன்னைக்கு நான் கோடு காட்டலீங்க” என்றான்.

மடுல்சீமைத் துரை வயிறு குலுங்கச் சிரித்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே நியாயம்தானே, அடித்துத் தொலை என்றாராம். மாயழகு பிறகு சொன்னான்.

நெட்டைத் துரை தனியாகக் குனிந்தார். விழக்கூடாது முனியாண்டி என்று நான் வேண்டிக்கொண்டேன். முனியாண்டிக்கு அன்றைக்கு வேறு வேலை போலிருக்கிறது. பந்து ஒரு துளையில் தட்டி இடப்பக்கம் போய், இன்னொரு துளையில் தட்டி வலப்பக்கம் திரும்பி, குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

5. பெரட்டுக் களம்

மறுநாள் காலை துரை நல்ல குஷியில் வந்தார். வரிசையிலிருந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

“நான் ஜெயிச்சது. அதனாலே உனக்கு மன்னிப்பு. எல்லாருக்கும் முன்னே சலாம் போடு, தப்பு சொல்லு, பை எடு.”

கங்காணி என் முதுகில் விரலால் குத்தினார். “போட்டுத் தொலைடா. ஒரு சலாம்ல என்ன கொறஞ்சு போகுது?”

சலாம் போடுவது எனக்குப் புதிதில்லை, தினமும் போடுவதுதான். தப்பு என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை.

“ஒண்ணு கேக்கிறேங்க தொரை” என்றேன். “நேத்து யாருமே கோடு காட்டல. பந்து விழுந்திருச்சு. கோடு காட்டாமலே விழும்னா, போன வருசம் விழாததுக்கு ராமையா விரல் எப்படீங்க காரணமாச்சு?”

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.   பதிலாகத் துரையிடம் சீட்டுதான் இருந்தது. எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

லயத்துக்கு வந்தேன். காமாட்சி அம்மியைத் தவிர எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

“சலாம் போட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப மூட்டையத் தூக்குங்க.”

பசறைப் பாதையில் நடந்து மடுல்சீமைக்குப் போனோம். பாதையா அது! மாயழகு தன் துரையிடம் சொல்லி வைத்திருந்தான். அந்தக் குண்டுத் துரை எங்களுக்கு ஒரு காம்பரா கொடுத்தார். இரக்கம் என்று நினைக்காதீர்கள். நெட்டைத் துரைக்கு எரிச்சல் மூட்டத்தான் கொடுத்தார். எதற்காகக் கொடுத்தாலும் கூரை கூரைதான்.

ராமையாவைத் தேடிப் பல பேரிடம் கேட்டேன். மொனராகலைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நான் அவனை மறுபடி பார்க்கவே இல்லை. அந்தக் கேள்வியை அவனுக்காகக் கேட்டேன் என்று அவனுக்குத் தெரியாமலே போயிற்று. 

6. வழக்கம்

அந்த ஆட்டத்துக்குப் பிறகு முள்ளுக் குத்திய நாட்களில் பதுளையில் எந்தப் பைக்காரனும் விரலை நீட்டவில்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஒருவனைப் பார்த்து ஒருவன் நிறுத்தினான். துரைமார் முதலில் கத்தினார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், பிறகு பழகிப்போனார்கள். சில வருடம் கழித்துக் கிளப்பிலேயே பைக்காரர்களுக்கு மேலாளாக எனக்கு வேலை கிடைத்தது. புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பையைச் சுமங்கள், பந்தைத் தேடுங்கள், சேற்றைத் துடையுங்கள், நல்ல தரையில் நல்ல கோடு காட்டுங்கள். தெரியாததைத் தெரியும் என்று மட்டும் விரலை நீட்டாதீர்கள். அந்த விரலைப் பிடித்துத்தான் நம்மை வெளியே இழுத்துப் போடுவார்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு, ஒரு முள்ளுக் குத்திய வாரத்தில், நெட்டைத் துரை ஆட வந்தார். தலை நரைத்திருந்தது, உயரம் குறையவில்லை. அவருக்குப் பை தூக்கியவன் சுப்பையா, நமுனுகுலப் பக்கத்து ஆள், கிளப்புக்குப் புதிது. பழைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. கிரீனில் துரை வழக்கம்போல, “கோடு காட்டு” என்றார்.

“முள்ளு குத்துன கிரீன்ல காட்டுற வழக்கம் இல்லீங்க தொரை” என்றான் சுப்பையா. பயமும் இல்லை, வீம்பும் இல்லை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வது போலச் சொன்னான்.

துரை திரும்பி, வேலி ஓரம் நின்ற என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் குனிந்து தட்டினார். பந்து துளையில் தட்டி, குழியை விட்டு ஒரு முழம் விலகிப்போனது.

கட்டையை ஓங்கித் தரையில் அடித்து, அந்த மண்ணைக் கெட்ட வார்த்தையால் திட்டினார். திட்டிக்கொள்ளட்டும். மண்ணுக்குப் பத்துச்சீட்டு எழுத முடியாது.