காது பார்க்கும் உத்தியோகம்

சிட்னியில் எங்கள் புறநகர் ஸ்டேஷனில் டிக்கெட் கேட்க ஆளில்லை. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. அது யாருடைய அட்டை, யாருடைய கை என்று பார்ப்பதில்லை. பயணிகளின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ரயில்வேயில் சம்பளம் வாங்கி ஓய்வுபெற்ற எனக்கு, இந்தக் கதவின் பெருந்தன்மை இன்னும் பழகவில்லை.

ஒரு காலத்தில் இங்கே பால் ஏற்றும் ரயில் மட்டும்தான் நிற்குமாம். பிறகு கொட்டகை, பிறகு மின்சார ரயில், இப்போது ஓட்டுநரே இல்லாத மெட்ரோ. ஒவ்வொரு முன்னேற்றத்திலும் ஓர் ஆளைக் குறைத்திருக்கிறார்கள். இந்த வரலாற்றை ஸ்டேஷன் சுவரில் மாட்டுவதற்காக நூலகத்தில் ஒரு குழு கூடியது. பக்கத்து வீட்டு டோரதி என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். நடைமேடை திறந்த அன்று தொழிலாளர்கள் நின்று எடுத்த படத்தில், முன்வரிசைத் தாடிக்காரர் தன் அப்பா என்பது அவர் வாதம். அடுத்த மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அதற்குள் அப்பாவின் பெயரைச் சுவரில் பார்த்துவிட வேண்டும். அவரிடம் இருந்ததோ, மழித்த முகமும் வழுக்கைத் தலையுமாக அப்பாவின் முதுமைக்காலப் படம் ஒன்றுதான். "சான்று இல்லாமல் பெயர் போட முடியாது" என்றார் குழுத் தலைவர். விதிப்படி சரி. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை முடிந்தால் மலையிலிருந்து இறங்கும் தலையெல்லாம் மொட்டை, மொட்டையெல்லாம் சந்தனம். ஒருவர் படம் ஒட்டிய சீசன் டிக்கெட்டில் உறவுமுறை முழுக்கப் பயணம் செய்யலாம் என்று சிலருக்குத் தோன்றும் பருவம் அது. நான் உத்தியோகத்தில் இருந்தபோது அப்படி அரக்கோணம் வண்டியில் ஒருவனை நிறுத்தினேன்.

"படத்துல கீறது யாரு?"

"நான்தாங்க சார். முடிய முருகனுக்குக் குடுத்துட்டேன்."

"காதையுமா குடுத்தே? படத்துல காது மடல் தொங்குது, உனக்கு ஒட்டிகினு கீதே."

கொஞ்சம் யோசித்தான். "பாவாவோடதுங்க, அக்கா வூட்டுக்காரரு. அவரு வூட்ல தூங்கிகினு கீறாரு."

"எழுப்பிக் கேளு, அபராதத்தையும் அவரே கட்டுவாரான்னு."

அந்தப் பழக்கத்தில் நூலகத்தில் இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் காதில் கீழ்மடல் தொங்கியது. தாடிக்காரருக்கு ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டேன்.

"அப்படியென்றால் இத்தனை வருடம் இந்த யாரோ ஒருவரை நினைத்தா அப்பாவின் பிறந்தநாளைக் கொண்டாடினேன்?" என்றார் டோரதி.

நான் அவசரமாக மற்றக் காதுகளைத் தேடினேன். கடைசி வரிசையில், தேநீர்க் கெட்டிலைத் தூக்கிப் பிடித்து அதன் பின்னால் பாதி மறைந்து, மடல் தொங்கும் ஒற்றைக் காது மட்டும் தெரிய நின்றவரைக் காட்டினேன். டோரதி வெகுநேரம் பார்த்தார். "பின்னால் போய் நிற்பதுதான் அவர் வழக்கம்" என்று சொல்லித் தன் நரைமுடியை ஒதுக்கினார். அதே காது, மேல்மடிப்பு உட்பட.

"நீங்கள் தடயவியல் நிபுணரா?" என்றார் தலைவர்.

"டிக்கெட் பரிசோதகர்."

நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். ஆனால் டோரதியின் அப்பா பெயரை எழுதிக்கொண்டார். பக்கத்தில் 'என்று கருதப்படுபவர்' என்றும் சேர்த்தார். டோரதிக்கு அதுவே போதுமாக இருந்தது.

சென்ற மாதம் ஊருக்குப் போய் நானும் மொட்டையடித்துத் திரும்பினேன். எங்கள் ஸ்டேஷனுக்கு அபூர்வமாக வரும் பரிசோதகப் பெண் முதியோர் அட்டையோடு நான் நீட்டிய புகைப்பட அடையாள அட்டையையும் என் தலையையும் பார்த்து, "இது நீங்களா?" என்றார். தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக் குனிந்து, இன்னும் உரக்கக் கேட்டார்.

அட்டைப் படத்திலிருந்த முடி திருத்தணி மலையில் இருந்தது. எதிர்ச்சுவரில் மாட்டிய படத்தில் டோரதியின் அப்பா கெட்டிலுக்குப் பின்னால் ஒற்றைக் காதோடு நின்றார். என் பெயருக்குப் பக்கத்திலும் யாராவது 'என்று கருதப்படுபவர்' சேர்த்துவிட்டால், இரண்டு ஊருக்கும் விதிப்படி சரியாக இருக்கும்.