டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு

ஒரகடம் கூட்டுரோட்டைத் தாண்டிப் பிள்ளைப்பாக்கம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் அலுவலகத்தில் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு வந்திருந்தேன். சோதனை காட்டும் கம்பிப் பெட்டி மட்டும் பையில் இருந்தது. வேலையை விடுவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து விட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அன்றைய அவசரம் வேறு.

வீடுவீடாகப் போய் இரண்டு டம்ளர் வைப்பது என் வேலை. ஒன்றில் அவர்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் எங்கள் இயந்திரத்துத் தண்ணீர். கம்பிகளை இறக்கி கரண்ட் கொடுத்தால் வீட்டுத் தண்ணீர் துருநிறத்தில் கலங்கும். எங்களுடையது தெளிவாகவே நிற்கும். “பாத்தீங்களா, இவ்ளோ விஷத்தக் குடிக்கிறீங்க” என்பேன்.

முந்தின நாள் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டில் அதைக் காட்டினேன். அந்த வீட்டு அக்கா மாடி அறைகளைக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர் கணவருக்கு ரத்த அழுத்தம், தினமும் மாத்திரை. எங்கள் தண்ணீரைக் குடித்தால் மாத்திரையே தேவையில்லை என்று சொல்லி ஒரு கேனை வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாடியில் குடியிருந்த ஒரு பெண், “ஒங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டுங்கண்ணா” என்றாள். காதில் விழாததுபோல் வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து எங்கள் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கம்பியை இறக்கிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீரும் துருநிறமானது. காலையில் அலுவலகத்தில் கேட்டபோது, “ஒன்ன யாரு உப்பு போடச் சொன்னா?” என்றார்கள்.

பிள்ளைப்பாக்கம் போய்ச் சேர்ந்ததும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “இன்னாபா, கோட்டக் காணோம்?”

“மாமாவுக்கு மாத்திரை குடுத்தீங்களாக்கா?”

“நீதானே வேணாம்னு சொன்ன. காலைல குடுக்கல.”

டம்ளரை வாங்கி, அந்தக் கேன் தண்ணீரையே ஊற்றி, உப்பு போட்டுக் கம்பியை இறக்கினேன். கலங்கியது. ஷிஃப்ட் முடிந்து வந்த அந்தப் பெண் கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

“உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். அழுக்கு தண்ணில இல்லக்கா, கம்பிலருந்து வருது. இதுக்குப் பேருதான் போலி அறிவியல்” என்றாள் அவள்.

“பொய்யின்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கு அவ்ளோ பெரிய பேரு?” என்றார் அக்கா.

“இது கோட்டு போட்டுக்கினு வர்ற பொய்யிக்கா. சோதனை மாதிரியே காட்டும், ஆனா தோக்கறதுக்கு வழியே வுடாது. எங்க கம்பெனி லைன்ல ஷிஃப்ட் ஆரம்பிச்சா, மொதல்ல கெட்ட பீஸ் ஒண்ண அளவு பாக்கற கேஜ்ல வெச்சிப் பாப்போம். அதையும் நல்லதுன்னு காட்டிச்சின்னா கேஜே தப்பு.”

எனக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. வாசல் நிலையில் திருஷ்டிக்குத் தொங்கிய எலுமிச்சையைக் காட்டி, “அப்ப இதுவும் போலி அறிவியல்தானே?” என்றேன். அக்கா முறைத்தார்.

“அது உங்களாட்டம் கம்பி, டம்ளர் எல்லாம் தூக்கிக்கினு வந்து, நான் அறிவியல்னு சொல்லிச்சா? அது நம்பிக்க. கண்டதுக்கெல்லாம் அந்தப் பேர வெக்காதீங்கண்ணா.”

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்: “மாத்திரையக் குடுங்கடி. அவன் தண்ணி சப்புனு கீது.”

குழாய்த் தண்ணீரில் அவர் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது. அக்கா திட்டிக்கொண்டே டீ போட்டார். “கோட்டும் போச்சு. நாளைக்கி இன்னா பண்ணுவ?”

“எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்க. உப்பு போட்டுப் பாத்தாரில்ல, வரட்டும்” என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை முதல் ஷிஃப்டில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு கெட்ட பீஸைக் கையில் கொடுத்து கேஜில் வைக்கச் சொன்னார். வைத்தேன். உள்ளே போகவில்லை.

“கேஜ் சரியா இருக்குது. ஆரம்பி” என்றார்.